அரை மணி நேர எண்ணெய்

ஹெலிகாப்டர் வந்து இறங்கிய அன்றைக்கு அனுமந்தன்பட்டியில் பாதி வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. எல்லோரும் சுருளியாண்டியின் தோட்டத்தில் நின்றிருந்தார்கள். தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். முந்தின ஆடி வரைக்கும் அங்கே பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. இப்போது சிமெண்டுத் தளம் போட்டு நடுவில் வெள்ளை வட்டம் வரைந்திருந்தார்கள். பந்தலைத் தாங்கிய கல்தூண்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அந்த ஒரு ஏக்கரை மலைப்பகுதி அவசர வான்சேவை வாரியத்துக்குச் சுருளியாண்டி சும்மாவே எழுதிக் கொடுத்திருந்தார்.

சும்மா என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே மகள் பவானியை மேகமலையில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அருண்பாண்டி தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பையனிலும் குறையில்லை, வேலையிலும் குறையில்லை. குறையெல்லாம் சின்னமனூரிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் இருந்தது. நாலு மழை பெய்தால் எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. பாம்பு கடித்த ஒரு ஆளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள் என்றும், பாதி வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் மாப்பிள்ளை சொன்னதிலிருந்து, மேற்கே மேகம் கூடினால் சுருளியாண்டி மகளுக்குப் போன் போட்டுவிடுவார். அந்த நேரம் பார்த்து வாரியத்துக்காரர்கள் வந்து, "மேலே யாருக்காவது முடியலேன்னா கால் மணி நேரத்துல தேனி ஆஸ்பத்திரியில இறக்கிருவோம்" என்றார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இவர் தலையாட்டிவிட்டார்.

கூட்டத்துக்கு ஹெலிகாப்டரைப் பார்க்க ஆசை. வாரியத்தின் தொழில்நுட்ப அலுவலர் பாண்டியராஜனுக்கு எண்ணெயைப் பற்றிப் பேச ஆசை. மைக் அவர் கையில் இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! மேலே இருக்கிறதே இறக்கை, அதைச் சுற்ற வைப்பது கியர்பாக்ஸ். அதிலுள்ள பற்சக்கரங்கள் எப்போதும் எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவானத்தில் அந்த எண்ணெய் ஒழுகிவிட்டால் என்ன ஆகும்?"

"விழுந்துரும்" என்றது கூட்டம்.

"விழாது! இரண்டாவதாக ஒரு தொட்டி இருக்கிறது. அதில் அவசரகால எண்ணெய் இருக்கிறது. முதல் எண்ணெய் போனதும் இது பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரம்! அதற்குள் விமானி பத்திரமாக எங்கேயாவது இறக்கிவிடுவார். அந்தத் தொட்டி நிரம்பாமல் இந்த வண்டி தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பக் கூடாது. இது சட்டம்!"

சுருளியாண்டிக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. கிணற்று மேட்டில் அவரிடம் ஒரு பழைய ஆயில் இன்ஜின் உண்டு. எண்ணெய் வற்றி அது ஒருமுறை இறுகிக்கொண்டபோது மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு இரும்புக்கே இவ்வளவு யோசிக்கிறவர்கள் மனுசருக்கு எவ்வளவு யோசிப்பார்கள் என்று பெண்டாட்டி முருகம்மாளிடம் சொன்னார்.

"பாப்போம்" என்றாள் முருகம்மாள்.

சித்திரை வெயில் வந்தது. ஒருநாள் பாண்டியராஜன் ஹெலிகாப்டரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். விரலில் மருந்து தடவிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு யோசனை பிறந்தது. வெளியே இவ்வளவு சூடு என்றால் உள்ளே தொட்டியில் இருக்கும் அவசரகால எண்ணெயின் கதி என்ன? வாரியத் தலைவர் வைகுண்டராஜ் தேனியிலிருந்து வந்தார். கூட்டம் நடந்தது. மோரும் வடையும் கொடுத்தார்கள். எண்ணெயைத் தொட்டியிலிருந்து இறக்கி ஒரு டின்னில் அடைத்து, தேவைப்படும் வரைக்கும் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது என்று முடிவானது.

குளிர்ச்சியான இடம் சுருளியாண்டியின் பழைய மோட்டார் ரூம். அதற்கு டைல்ஸ் ஒட்டி ஏ.சி. மாட்டினார்கள். அனுமந்தன்பட்டியில் கரண்டு போகும் என்பதால் ஜெனரேட்டர் வந்தது. ஜெனரேட்டர் மக்கர் பண்ணும் என்பதால் இன்னொரு ஜெனரேட்டர் வந்தது. எண்ணெய் டின்னுக்கு ஸ்டீல் மேடை. குளிர் குறைந்தால் அலறுவதற்கு ஒரு சைரன். இதையெல்லாம் காக்க உள்ளூர் பேச்சிமுத்துவை வாட்ச்மேனாகப் போட்டார்கள். ஹெலிகாப்டருக்குக் காவல் கிடையாது. அதன் நிழலில் ஆடு மேய்க்கிறவர்கள் படுத்துக்கொண்டார்கள்.

"அந்த எண்ணெய் இல்லாம இது பறக்காதுன்னு சொன்னீகளே சார்?" என்று சுருளியாண்டி கேட்டார்.

"பறக்கவே பறக்காது" என்றார் பாண்டியராஜன் பெருமையாக.

"அப்ப அவசரம்னா?"

"அஞ்சு நிமிஷம் ஐயா. டின்னைத் தூக்கித் தொட்டியில ஊத்தினா முடிஞ்சது வேலை."

அதுவும் உண்மைதான். ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். டின்னைத் தூக்குவதற்குத்தான் விதி இருந்தது. தலைவர் வைகுண்டராஜ், தொழில்நுட்ப அலுவலர் பாண்டியராஜன், இருப்பு அலுவலர் சிம்ரன் ஆகிய மூன்று பேரும் எண்ணெய் அறை வாசலில் ஒன்றாக நின்று, இது அவசரம்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இருப்பு அலுவலர் சிம்ரன் சின்னப் பெண். வேலையில் படு கறார். எண்ணெய்க்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக அவள் கொண்டுவந்த விதி இது. தலைவர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

மேலே ஒரு தோட்டத் தொழிலாளியை மலைத்தேனீ கொட்டி முகமெல்லாம் வீங்கிவிட்டது. போன் வந்தது. போனில் பேசியது அந்தத் தொழிலாளியேதான் என்பதை வாரியம் கண்டுபிடித்தது. பேச முடிகிறவருக்கு அவசரம் இருக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். "எண்ணெயைப் பாத்துப் பாத்துச் செலவழிக்கிறாக. நல்லதுதான" என்றார் சுருளியாண்டி. அவர் எதிலும் நல்லதைப் பார்க்கிற கட்டத்தில் இருந்தார்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நிலம் கொடுத்தவர் என்ற மரியாதைக்கு எண்ணெய் டின்னுக்குப் பொட்டு வைக்கும் பாக்கியம் சுருளியாண்டிக்குக் கிடைத்தது. மறுநாள் பாண்டியராஜன் மூடியில் குங்குமத் துகளைப் பார்த்துவிட்டார். உள்ளே விழுந்திருந்தால்? விசாரணை வந்தது. தேங்காய் உடைத்தவர், சுண்டல் கொடுத்தவர், சுண்டல் தின்றவர் எல்லோரையும் விசாரித்தார்கள். எந்த விரலால் எவ்வளவு எடுத்தீர்கள் என்று சுருளியாண்டியை ஒரு மத்தியானம் பூராவும் கேட்டார்கள். மோதிர விரலைக் காட்டினார். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஹெலிகாப்டரின் விமானி குமுளிப் பக்கத்து மலையாளி. அமைதியான மனுசர். பேச்சிமுத்துவோடு கேரம் ஆடி ஆடி, வந்த வருஷமே ஊரில் முதல் ஆட்டக்காரராகிவிட்டார்.

ஐப்பசியில் பவானிக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. முருகம்மாள் ஏழு வகைச் சோறு கிண்டிப் பாத்திரங்களில் கட்டிக்கொண்டு, புருசனோடு ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேகமலைக்கு ஏறினாள். வளையல் போட்ட கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்குவதாக ஏற்பாடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. அன்றைக்கு அந்த இரண்டாவது பேச்சைப் பாண்டியராஜன் பேசினார். கேமராக்காரரோடு அவரும் விசேஷத்துக்கு வந்திருந்தார்.

"ஐயா, நல்லா யோசிச்சுப் பாருங்க. மாசமா இருக்கிறவங்க எல்லாம் முன்னாடியே இறங்கிட்டா ஹெலிகாப்டர் யாரைத்தான் கொண்டுவரும்? உங்க பொண்ணு இங்கேயே இருக்கட்டும். வலி எடுத்ததும் ஒரு போன். கால் மணி நேரம். மலையின் முதல் தாய்னு பேர் வாங்கட்டும். நிலம் கொடுத்தவர் பொண்ணுக்கு இல்லாத உரிமையா?"

"அதெல்லாம் ஆகாது" என்றாள் முருகம்மாள். "வளையல் போட்ட பிள்ளைய விட்டுட்டுப் போறதா? மழைக்காலம் வேற. நான் கூட்டிட்டுத்தேன் போவேன்."

சுருளியாண்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏண்டி, நம்ம தோட்டத்து ஹெலிகாப்டர்ல ஆகாசத்துலயே ஆஸ்பத்திரிக்குப் போகப் போறா. இந்தக் குலுங்கல் ரோட்டுல நிறைமாசப் பிள்ளைய உருட்டிட்டுப் போறது உனக்குப் பெருமையா?"

"பெருமை உங்களுக்குத்தேன் வேணும்" என்றாள் அவள்.

பவானி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் இருந்தது. "அப்பா சொன்னாச் சரித்தேன்மா" என்றாள். பாண்டியராஜன் அவள் கன்னத்தில் சந்தனம் பூசவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் சின்னமனூரில் மலை ரோடு பிரிகிற இடத்தில் பவானி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு ஃபிளெக்ஸ். 'மலையின் முதல் தாய்! வான் வழியே வருகிறாள்!' கீழே மூன்று அலுவலர்களின் படமும் டின்னின் படமும். சுருளியாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் வானம் கழுவி விட்டதுபோல் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. அப்போது மாப்பிள்ளை போன் செய்தான்.

"மாமா, பவானிக்கு வலி வந்துருச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. இங்கன வச்சுப் பாக்க முடியாது, உடனே கீழ கொண்டு போங்கன்னு எஸ்டேட் நர்ஸம்மா சொல்றாக. ரோட்டுல ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஹெலிகாப்டர அனுப்புங்க மாமா!"

"வச்சிரு மாப்ள, இந்தா வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுச் சுருளியாண்டி செருப்பில்லாமல் ஓடினார்.

விமானி தொப்பியை மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டர் பக்கத்திலேயே நின்றார். "எண்ணெய் ஊத்தினா இப்பவே எடுக்கலாம் சேட்டா. வானம் நல்லா இருக்கு" என்றார். எண்ணெய் அறை வாசலில் பாண்டியராஜன் இருந்தார். மூன்றில் ஒருவர் இருக்கிறார் என்று சுருளியாண்டிக்குப் பாதி உயிர் வந்தது.

"அவசரம்தான்னு தெரியணுமே. நோயாளி பேசுறாங்களா?"

"முனகுறா சார்."

"முனகல் பேச்சில் சேருமா சேராதான்னு விதியில தெளிவா இல்லை" என்று பாண்டியராஜன் வருத்தப்பட்டார். "சரி, உங்களுக்காக நான் அவசரம்னே வச்சுக்கிறேன். மத்த ரெண்டு பேர்?"

தலைவர் வைகுண்டராஜ் வைகை அணையில் இருந்தார். அவசரகால எண்ணெயை எப்படிப் பாதுகாப்பது என்று பார்த்துப் போக வெளியூரிலிருந்து வந்த குழுவுக்கு அணையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிட்டதும் கிளம்புவதாகச் சொன்னார். சிம்ரன் மதுரையில் இருந்தாள். விரைந்து முடிவெடுப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. நடுவில் எழுந்து வந்தால் சான்றிதழ் தர மாட்டார்களாம்.

"போன்ல சொல்லச் சொல்லுங்க சார்!"

"வாசல்ல நின்னு ஒப்புக்கணும்னுதானே விதி? அப்புறம் ஐயா, நீங்க விவரமானவர், கணக்கைப் பாருங்க. போக கால் மணி நேரம், வர கால் மணி நேரம். கிளம்பினதும் முதல் எண்ணெய் ஒழுகிட்டா, அவசர எண்ணெய் திரும்பி வர்றதுக்குள்ள சுத்தமா தீர்ந்துரும். அப்புறம் ஒரு அவசரம்னா வாரியம் என்ன செய்யும்?"

சுருளியாண்டி கோயில் தவிர வேறு எங்கும் விழுந்தவர் இல்லை. அன்றைக்கு விழுந்தார். பாண்டியராஜன் நல்லவர், பதறிப்போய்த் தூக்கி நிறுத்தி நாற்காலி போட்டார். சுருளியாண்டி நாற்காலியில் உட்காரவில்லை. ஓரத்தில் கிடந்த கல்தூண் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பூட்டை நோக்கிப் போனார். பேச்சிமுத்து குறுக்கே விழுந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மாமா, என் பொழப்புல மண்ணப் போட்டுறாதீக" என்று அழுதான். "உடைச்சு என்ன புண்ணியம்? கையெழுத்து இல்லாத எண்ணெயை ஊத்தினா அது திருட்டு எண்ணெய். அதுல பறக்கிறது திருட்டு ஹெலிகாப்டர்" என்றார் பாண்டியராஜன். விமானி தொப்பியைக் கழற்றி இறக்கைக்குக் கீழே உட்கார்ந்தார்.

உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

மேலே எஸ்டேட் ஆட்கள் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணை அள்ளி வழி செய்தார்கள். தேயிலை ஏற்றுகிற லாரியில் தார்ப்பாயை விரித்துப் பவானியைப் படுக்க வைத்து இறக்கினார்கள். சுருளியாண்டியும் முருகம்மாளும் சின்னமனூரில், அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது. ரோடு அங்கேதான் வந்து சேர்கிறது. டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னைக்குத்தேன் நாளா? ஹெலிகாப்டர் எங்கன இறங்குது?" என்று சந்தோஷமாக விசாரித்தார்.

மத்தியானம் சாய்ந்து லாரி வந்தது. வழியில் ஒரு வளைவில் பிரசவம் ஆகிவிட்டிருந்தது. பெண் குழந்தை. அழவே இல்லையாம். தார்ப்பாயில் ஒரு துண்டைக் கிழித்து அதைச் சுற்றி வைத்திருந்தான் அருண்பாண்டி. மாமனாரைப் பார்த்ததும் அதை அப்படியே அவர் கையில் கொடுத்தான், வேறு யாரிடம் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பவானி பிழைத்தாள். பெரியாஸ்பத்திரியில் கண் திறந்து அம்மாவோடு பேசினாள், புருசனோடு பேசினாள். அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "வளைகாப்பு அன்னைக்கே நான் உங்க கூட வந்திருப்பேன்லப்பா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுருளியாண்டியால் அந்தக் கட்டில் பக்கம் நிற்க முடியவில்லை. ஏமாற்றியவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, மகளைத் தன் கையாலேயே எடுத்து அவர்களிடம் நீட்டிய அந்த நினைப்புத்தான் அவரை அறுத்தது. பந்தலைப் பிடுங்கிக் கொடுத்தார். வழக்கத்தை விட்டுக் கொடுத்தார். பெண்டாட்டி பேச்சை மீறினார். எல்லாம் யாரை நம்பி?

முருகம்மாள் அதன்பிறகு 'பாப்போம்' என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

தை மாதம் வாரியத்துக்கு முதலாண்டு நிறைவு விழா. தளத்தில் ஷாமியானா போட்டார்கள். நிலம் கொடுத்தவருக்குச் சால்வை உண்டு என்று அழைப்பு வந்தது. சுருளியாண்டி வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனார். தலைவர் வைகுண்டராஜ் பேசினார்:

"ஓராண்டு! எத்தனை வெயில், எத்தனை மழை, எத்தனை போன் அழைப்புகள்! எல்லாவற்றையும் தாங்கி நின்றோம். இன்று தலை நிமிர்ந்து சொல்கிறேன், அவசரகால எண்ணெயில் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுகூட வீணாகவில்லை! நமது கியர்பாக்ஸுக்கு ஒரு கீறல் இல்லை! இந்தியாவிலேயே விபத்தே நடக்காத ஹெலிகாப்டர் நம்முடையது!"

கைதட்டல் அடங்கியதும் சால்வை போர்த்தினார்கள். ஏதாவது இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சுருளியாண்டி மைக்கைத் தொடவில்லை.

"அந்த எண்ணெய ஒருக்கா பாக்கணும் சார்" என்றார்.

பாண்டியராஜனுக்கு மனசு குளிர்ந்துபோனது. விழா நாளில் விருந்தினர்களுக்குத் தரிசனம் உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று கூட்டிப்போனார். பேச்சிமுத்து சுருளியாண்டியின் முகத்தைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தான். உள்ளே மார்கழி மாதிரி இருந்தது. ஸ்டீல் மேடையில் டின், டின்னுக்குச் சம்பங்கி மாலை, மேலே தூசி விழாமல் இருக்க வெள்ளைத் துணி. மெத்து மெத்தென்ற துணி. சுருளியாண்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதவு சாத்துகிற நிலைப்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்தார்.

"ஐயா, எந்திரிங்க. கதவைச் சாத்தணும், குளிர் வெளியே போகுது" என்றார் பாண்டியராஜன்.

சுருளியாண்டி எழுந்திருக்கவில்லை. தை மாத வெயில் உள்ளே போனது. பாண்டியராஜன் அவரைத் தோளைப் பிடித்து இழுத்தார். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். பேச்சிமுத்து, "என் கால்ல முள்ளு குத்திருச்சு சார்" என்று தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். சைரன் அலறியது. மேடையிலிருந்து தலைவர் வைகுண்டராஜ் சால்வையோடு ஓடிவந்தார். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து சிம்ரன் கழுவாத கையோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் எண்ணெய் அறை வாசலில் ஒன்றாக நின்று, வெப்பமானியைப் பார்த்து, மூச்சு வாங்க, ஒரே குரலில், "அவசரம்! அவசரம்!" என்றார்கள். கையெழுத்தும் போட்டார்கள். விதிப்படி டின்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவசரம் அறிவித்து, எண்ணெயும் ஊற்றியாகிவிட்டது. விமானி தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினார். வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அனுமந்தன்பட்டியில் முதல் தடவையாக இறக்கை சுற்றியது. ஷாமியானா பிய்த்துக்கொண்டு போனது, பந்தியில் இலைகள் பறந்தன, ஆடுகள் வாய்க்காலைத் தாண்டி ஓடின. விமானி கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், எங்கே போகணும்?"

தலைவர் தொழில்நுட்ப அலுவலரைப் பார்த்தார். தொழில்நுட்ப அலுவலர் இருப்பு அலுவலரைப் பார்த்தார். சுருளியாண்டி நிலைப்படியை விட்டு எழுந்து, அந்தக் காற்றில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேகமலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கன போப்பா" என்றார். "போன கார்த்திகைக்குப் போ."